ஜவ்வாது மலையின் எல்லைக் கல்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆலங்காயத்தில் பஸ் ஏறி காவலூர், ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. புளி பிடிக்க, மாடு பார்க்க, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று போகிறோம், வருகிறோம். மலை ஏறத் தொடங்கும் இடத்தில் 'காப்புக்காடு' என்று வனத்துறை எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் எல்லைக்கு அடையாளமாகக் கல்லும் இருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் ரிசர்வ். இந்தப் பக்கம் மேய்கிற ஆடு நாலு அடி தாண்டினால் கேஸ். இந்தக் கோட்டைப் போட்டது யார்? என்றைக்குப் போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள்?

உரம், விதை என்று பேச வேண்டிய ஆள் சரித்திரம் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். நான் படித்தது விவசாய விஞ்ஞானம், சரித்திரம் இல்லை. ஆனாலும் நம்ம ஏரித் தண்ணீருக்கும் தழை உரத்துக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்தக் கல்லோடு சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த மலையில் மனிதன் இன்று நேற்று வந்தவன் இல்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, வீடு மாதிரி கட்டிய கல்திட்டைகள் இருக்கின்றன. ஜனங்கள் அதை 'வாலியர் வீடு' என்கிறார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்று கதையும் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் அது பெருங்கற்காலத்து ஈமச்சின்னம், இறந்தவர்களுக்காகக் கட்டியது என்று சொல்கிறார்கள். அதற்கும் முந்திய வழவழப்பான கற்கோடாரிகள் சில ஊர்க் கோயில்களில் சாமிக்கல்லாக இருக்கின்றன. காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவன் கையில் இருந்த ஆயுதம் அது. நம்ம தொழிலுக்கு மூத்த தொழிலாளி என்றே சொல்லலாம்.

மலைக்குத் தெற்கே செங்கம் பக்கம் போனால் நடுகற்கள் நிறைய. 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் உண்டு. என்ன செய்தி என்று பார்த்தால் பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். மாட்டை ஓட்டிப் போனான், மீட்கப் போனவன் செத்தான், கல் நட்டார்கள். அந்தக் காலத்துச் சொத்து மாடு. மாட்டுக்கு வேண்டியது புல். புல் இருந்த இடம் இந்த மலைச்சரிவு. சங்க காலத்து மலைபடுகடாம் பாட்டில் வருகிற நன்னன் ஆண்டதும் இந்தச் செங்கம் சீமைதான். அதில் சேயாறு என்று வருவது ஜவ்வாது மலையில் பிறக்கிற நம்ம செய்யாறு.

இத்தனை நூற்றாண்டு காலமும் மலை யாருடையது என்ற கேள்வி எழுத்தில் வரவில்லை. மலைமேல் இருந்த மலையாளி ஜனங்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்வார்கள்) சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள். கீழ்நாட்டு ஜனங்கள் தழையும் விறகும் எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள். தகராறு இருந்திருக்கும். ஆனால் கல் இல்லை.

கணக்கு தொடங்கியது 1792-ல். மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்து திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். திருப்பத்தூர், வாணியம்பாடி எல்லாம் பாராமகாலில் சேர்ந்தவை. அதை நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவர் தங்கியிருந்தது நம்ம திருப்பத்தூரில். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்தான் பிற்பாடு சென்னை கவர்னராக வந்த தாமஸ் மன்றோ. இவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்து, இன்னாருக்கு இவ்வளவு, தீர்வை இவ்வளவு என்று எழுதினார்கள். ரயத்துவாரி முறை வேர் விட்டது இந்த மண்ணில்தான். இன்றைக்கு நீங்கள் பெட்டியில் வைத்திருக்கிற பட்டாவுக்குப் பாட்டன் அந்தக் கணக்கு.

இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள். ஒருத்தன் பேரில் எழுதிய நிலம் அவனுடையது என்றால், யார் பேரிலும் எழுதாத நிலம் யாருடையது? சர்க்காருடையது. மேய்ச்சல் தரை, மலைச்சரிவு, ஓடைக்கரை எல்லாம் ஊரே அனுபவித்து வந்தது. ஒருத்தர் பேரிலும் இல்லை. அதனால் கணக்குப் புத்தகத்தில் அது தரிசு, புறம்போக்கு என்று போயிற்று. பட்டாவும் காட்டு எல்லையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்று நமக்கு உரிமை தந்தது, இன்னொன்று உரிமையை எடுத்தது.

ஆனாலும் 60, 70 வருஷம் பெரிய மாற்றம் இல்லை. மாற்றம் ரயிலோடு வந்தது. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடிற்று. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை தாண்டி மேற்குக் கடற்கரைக்கே பாதை போய்விட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். இன்ஜினுக்கு அந்தக் காலத்தில் விறகுதான் தீனி. தண்டவாளத்துக்குப் பக்கத்து மலைக்காடுகளுக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே 1856-ல் சென்னை மாகாணத்தில் வனத்துறையும் பிறந்தது. கிளக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் முதல் தலைவர். காட்டைத் தின்கிற ரயிலும் காட்டைக் காக்கிற இலாகாவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவை அது நாசம் பண்ணிற்று. அப்போது நம்ம திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1911-ல்தான் வட ஆற்காட்டுக்கு வந்தது. காடு மொட்டையானால் மண் சரியும், ஏரி தூர்ந்துபோகும் என்ற பேச்சு சர்க்காரிலும் அடிபட்டது. கடைசியில் வந்தது 1882-ம் வருஷத்துச் சென்னை வனச்சட்டம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் காப்புக்காடு என்றால் அந்தச் சட்டம்தான், பல திருத்தங்களோடு.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த வாதம் நம்மவர்களுக்குத் தெரிய வேண்டும். 1878-ல் இந்தியா பூராவுக்கும் ஒரு வனச்சட்டம் போட்டார்கள். சென்னையில் அது அமலாகவில்லை. காரணம், இங்கிருந்த ரெவின்யூ போர்டே எதிர்த்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று அநேகமாக இல்லை, ஜனங்களுக்கு அதில் பாத்தியதை உண்டு என்பது அவர்கள் கட்சி. வெள்ளைக்காரத் துரைமார்களே நம்ம பக்கம் பேசிய அபூர்வ சமயம் அது. பிராண்டிஸ் என்ற ஜெர்மன் வன நிபுணரை அழைத்து யோசனை கேட்டு, சமாதானமாக ஒரு சட்டம் செய்தார்கள்.

சமாதானம் என்றால் எப்படி? இந்த இடத்தை ரிசர்வ் ஆக்கப் போகிறோம் என்று 4-ம் பிரிவில் அறிவிப்பு. பிறகு ஒரு செட்டில்மென்ட் ஆபீசர் வருவார். எனக்கு வழி உண்டு, மேய்ச்சல் உண்டு, தண்ணீர் உண்டு என்று கெடுவுக்குள் அவரிடம் மனுப் போடலாம். விசாரணை முடிந்ததும் 16-ம் பிரிவில் ரிசர்வ் என்று கெசட்டில் வரும். மனுப் போடாத பாத்தியதை அன்றோடு முடிந்தது. காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1880-களில் மலைமேல் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? கெசட்டைக் கண்ணால் பார்த்தவர் யார்? கேட்கத் தெரியாதவனின் உரிமை இல்லாத உரிமை ஆயிற்று. காட்டைக் காத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கல் நடாமல் போயிருந்தால் இன்றைக்கு மலை மொட்டையாக நிற்கும். காத்த விதத்தில்தான் குறை.

கீழ்நாட்டு விவசாயிக்கு முதல் அடி தழையில் விழுந்தது. நெல் நடவுக்கு முன்னால் ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை மிதிக்க வேண்டும் என்று நாங்கள் இன்றைக்கும் சிபாரிசு செய்கிறோம். யூரியா மூட்டை இல்லாத காலம் அது. தழை மலையிலிருந்துதான் வந்தது. அதற்குப் பர்மிட், கட்டணம். மாட்டுக்கு மேய்ச்சல் சீட்டு. ஆட்டுக்குப் பெரும்பாலான இடத்தில் தடை. தாண்டிய மாடு பவுண்டில். அபராதம் கட்டி மீட்க வேண்டும். கார்டும் வாட்சரும் செய்த கெடுபிடி கிராமத்துப் பாட்டிகள் வாயில் இன்னும் வசவாக இருக்கிறது. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "சார், எங்க தாத்தா போலீசுக்குப் பயந்ததில்ல, பாரஸ்டுக்காரனுக்குத்தான் பயந்தாரு."

புகார் தாங்காமல் சர்க்கார் 1913-ல் ஒரு வனக் கமிட்டி போட்டு விசாரித்தது. தழை, மேய்ச்சல், சிப்பந்திகள் தொல்லை இவைதான் எங்கும் எழுந்த முறையீடு. அதன் பலனாகச் சில காடுகளை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ள வனப் பஞ்சாயத்துகள் ஏற்பட்டன. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பல்நாட்டில் 1921-ல் புல்வரி கொடுக்கமாட்டோம் என்று சத்தியாக்கிரகமே நடந்தது. அதை நடத்திய கன்னெகண்டி ஹனுமந்து 1922 பிப்ரவரியில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

இந்த இடத்தில் வேடந்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுச் சீமையில் லயனல் பிளேஸ் கலெக்டர். ஏரியில் வந்து தங்குகிற பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுத்து வாங்கிக்கொண்டார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். ஏன் அவ்வளவு அக்கறை? பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்கள் அனுபவம். அங்கே காவல் வேண்டும் என்று கேட்டவனே விவசாயி. இங்கே காவல் மேலிருந்து வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

கடற்கரையிலும் இதே கதை நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப்பாறைக்கு நல்லது. ஆனால் பரம்பரையாகத் தீவுக்குப் போய்வந்த மீனவர் கேட்பதும் நம்ம ஊர் ஆட்டுக்காரர் கேட்கிற அதே கேள்விதான். இங்கிலாந்தில் 1949-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே தேசியப் பூங்கா என்றால் ஆளில்லாக் காடு இல்லை. உள்ளே கிராமம் இருக்கிறது, ஆட்டுப்பட்டி இருக்கிறது, நிலமும் பெரும்பாலும் குடியானவர்கள் பேரில் இருக்கிறது. கட்டடம் கட்டத்தான் கட்டுப்பாடு. வெளியூர்க்காரன் நடந்து போகப் பாதையும் உண்டு. அந்த நடைபாதை உரிமையும் சும்மா வரவில்லை. 1932-ல் ஆலைத் தொழிலாளிகள் தடையை மீறி மலை ஏறி, சிலர் ஜெயிலுக்கும் போனார்கள்.

சரி, கல் நட்டதால் நமக்கு என்ன கிடைத்தது? தண்ணீர். செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி, அகரம் ஆறு எல்லாம் இந்த மலையின் மடியில் பிறக்கின்றன. காடு மழையைக் கூப்பிட்டு வருகிறது என்று மேடையில் பேசுவார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பெய்த மழையைக் காடு என்ன செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. உதிர்ந்த இலைச்சருகு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடிக்கிறது. வேர் மண்ணைக் கட்டுகிறது. தண்ணீர் ஒரேயடியாக ஓடாமல் மெல்ல இறங்கி ஓடையிலும் கிணற்றிலும் ஊறுகிறது. மொட்டை மலையில் பெய்த மழை ஒரு மணி நேரத்தில் செம்மண்ணோடு வந்து ஏரியைத் தூர்த்துவிடும். ஆலங்காயம் வட்டாரத்து ஆண்டியப்பனூர் ஓடை அணைக்கு வருவது ஜவ்வாது மலைத் தண்ணீர். மேலே சரிவில் புதர் இருக்கிறதா, தீ வைத்துக் கருக்கியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அணையில் சேறு சேர்கிற வேகம். அடுத்த புல்லுக்கு வழி செய்கிறோம் என்று கோடையில் தீ வைக்கிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

சந்தனம்தான் இந்த மலையின் பேர்போன சொத்து. திப்பு காலத்தில் அது ராஜமரம். பின்னால் வந்த சர்க்காரும் அதையே பிடித்துக்கொண்டது. உங்கள் வரப்பில் குருவி போட்ட விதையில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது. விளைவு? சந்தனக் கன்று கண்ணில் பட்டால் வம்பு எதற்கு என்று பிடுங்கிப் போட்டார்கள். காட்டில் இருந்ததைக் கள்ளன் வெட்டினான். போதாததற்கு ஸ்பைக் என்ற நோயும் சேர்ந்துகொண்டது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கின் பேர் ஊரெல்லாம் தெரியும், மலையில் பெரிய மரம் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2002-ல் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பட்டா நிலத்துச் சந்தன மரம் பட்டாதாரருக்கு. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ எடுத்துப்போகவோ கூடாது. நடுகிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிக்கொள்ளுங்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சி வாழ்கிற மரம், தனியாக நட்டால் தேறாது. கன்றோடு துவரை போடுங்கள், பிறகு வேம்போ புங்கனோ பக்கத்தில் இருக்கட்டும். 15, 20 வருஷத்துக்கு முன்னால் பணம் எதிர்பார்க்க வேண்டாம்.

சந்தனம் போன பிறகு நடந்ததைச் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. மலையில் வேலை இல்லை, சாமைக்கு விலை இல்லை. கோடாரி பிடிக்கத் தெரிந்த கையை ஏஜெண்டு வந்து கூலி பேசி ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனான். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. மரத்தில் பணம் பார்த்தவன் எவனும் அந்தப் பட்டியலில் இல்லை. பாட்டன் பாத்தியதையை ஒரு கெசட்டில் இழந்தான், பேரன் இன்னொரு காட்டில் கூலிக்குப் போய் உயிரை இழந்தான். இரண்டையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்.

பழைய கணக்கைத் திருத்தத்தான் 2006-ல் மத்திய சர்க்கார் வன உரிமைச் சட்டம் போட்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவந்த பழங்குடியினர், 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை கேட்கலாம். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். சொந்த நிலத்தோடு போகவில்லை. தேன், புளி, கடுக்காய், மேய்ச்சல், நீர்நிலை இவற்றுக்கு ஊர் பூராவும் சேர்ந்து சமூக உரிமையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோர்ட் வழக்கால் பத்திரம் வழங்குவது பல வருஷம் தாமதப்பட்டது. மனு முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. இந்தத் தடவை யாரும் கெசட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம்ம ஊர் மரத்தடியில் நடக்கிற கூட்டத்தில் வாய் திறந்து கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தால் போதும். அங்கேயும் வாயை மூடிக்கொண்டு வந்தால் 1880-களின் கதைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நாள் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேன் பிடிக்கிறோம், பக்கத்து மலையைப் பார்த்ததில்லை. பீமன் அருவி இருக்கிறது, வாலியர் வீடு இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் நடப்பதென்றால் முன்கூட்டியே ரேஞ்சு ஆபீசில் கேட்டுக்கொண்டு போங்கள். கோடையில் தீப்பெட்டி, பீடி வேண்டாம்.

காவலூரை விட்டுவிடாதீர்கள். 1960-களின் கடைசியில் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி நட்சத்திரம் பார்க்க இடம் தேடி வந்து, காடு சூழ்ந்த இந்த இடத்தைப் பிடித்தார். முதலில் 15 அங்குலத் தொலைநோக்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். பாப்பு அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே காலமாகிவிட்டார். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதை 1977-ல் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பார்வையாளர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அவர்களுக்கு வேண்டியது இருட்டு. காட்டை ரிசர்வ் பண்ணி வைத்ததில் இருட்டும் சேர்ந்து மிஞ்சியது. அமாவாசை இரவில் மேலே நின்று வடக்கே பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் வானம் வெளுத்துத் தெரியும், நம்ம ஊர் விளக்குகள்தான்.